பக்கவாத்தியம் இல்லாமல் – 9: பூனை நடை, சிங்கக் குரல்

நாக்கு நுனியை மேல்பல்லின் பின்னால் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டு உச்சுக்கொட்டுவோமே, அந்த ஒலி வரும். நம் நெடுங்கணக்கில் அதற்கு இடமில்லை. ஜூலு மொழியில் அது ஒரு மெய்யெழுத்து. இந்த இதழ் முழுக்க 'இசிகாத்தமியா' என்று எழுதப்போகிறேன். அதன் நடுவில் இருக்கும் 'கா' உண்மையில் அந்த உச்சு ஒலி. தமிழில் இதற்குமேல் என்னால் முடியவில்லை, வாசகர்கள் வாயால் திருத்திக்கொள்ளட்டும். இரையை நோக்கிப் பூனை எப்படிப் போகுமோ அப்படி அடிமேல் அடிவைத்து ஓசைப்படாமல் நடப்பது என்று அந்த வேர்ச்சொல்லுக்குப் பொருள். தென்னாப்பிரிக்காவின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்த ஜூலு ஆண்கள், சனிக்கிழமை ராத்திரிகளில் வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிய கூட்டுப்பாட்டின் பெயர் அது.

போன இதழில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்து ஜூபிலி பாடகர்கள் 1871இல் நாஷ்வில்லை விட்டுக் கிளம்பிய கதையைப் பார்த்தோம். பின்னாளில் அந்தக் குழு ஆஸ்திரேலியா வரை போனபோது கூடவே போய்ப் பாடியவர் ஆர்ஃபியஸ் மெக்காடூ. 1858இல் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். சொந்தமாக ஒரு குழுவைச் சேர்த்து, 'வர்ஜீனியா ஜூபிலி பாடகர்கள்' என்று பெயர் வைத்து, 1890இல் கேப் டவுனில் வந்து இறங்கினார். கோட்டு சூட்டு போட்ட கறுப்பர்கள், கவுன் அணிந்த கறுப்புப் பெண்கள், மேடையில் நின்று நாலு குரலில் பாடுகிறார்கள்; வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். பார்த்த உள்ளூர்க் கறுப்பர்களுக்கு அது பாட்டை மீறிய அதிசயம். 1898 வரை அவர்கள் அங்கே வருவதும் போவதுமாக இருந்தார்கள். மிஷன் பள்ளிகளில் படித்த இளைஞர்கள் அதேபோலக் குழுக்கள் அமைக்கத் தொடங்கினார்கள்.

மிஷன் பள்ளிகள் இன்னொன்றையும் தந்திருந்தன: டோனிக் சோல்ஃபா. ஐந்து கோட்டு இசைத்தாளை வாசிக்கத் தெரியாதவனும் எழுத்தைப் பார்த்துப் பாடும் முறை; நம் ச ரி க ம போலத்தான். பியானோ வாங்க வக்கில்லாத பள்ளியில்கூட ஒரு கரும்பலகை இருந்தால் போதும், நாலு குரல் பாட்டு சொல்லிக்கொடுத்துவிடலாம். ஜூலுக்களுக்கு ஒருவர் முன்பாட்டு பாடக் கூட்டம் பின்பாட்டு பாடுவது புதிதில்லை. கல்யாணத்திலும் அறுவடையிலும் அவர்கள் பாடியதே அப்படித்தான். புதிதாக வந்தது மேற்கத்திய ஒத்திசைவு ஒன்றுதான்.

ஆனால் பாட்டு தெரிந்ததால் மட்டும் இந்தக் குழுக்கள் பிறந்துவிடவில்லை. பிறக்க வைத்தது வரி.

1886இல், இன்றைய ஜோகன்னஸ்பர்க் இருக்கும் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைத்தது. பாறைக்கு அடியில் போய்த் தோண்ட ஆள் வேண்டும். கையில் மாடும் நிலமும் இருப்பவன் எதற்காகச் சுரங்கத்துக்கு வருவான்? அதனால் குடிசைக்கு வரி, பிறகு தலைக்கு வரி. வரியை மாட்டாகக் கட்ட முடியாது, காசாகக் கட்ட வேண்டும். காசு நகரத்தில்தான் கிடைக்கும். ஜூலுக்கள் வாழ்ந்த நேட்டாலில் தலைக்கு ஒரு பவுண்டு வரி போட்டதை எதிர்த்து 1906இல் பம்பாதா என்ற தலைவர் கிளம்பினார். கலகம் ரத்தத்தில் முடிந்தது. 1913இல் நிலச் சட்டம் வந்தது. நாட்டு நிலத்தில் ஏறக்குறைய 7 சதவீதத்துக்கு வெளியே கறுப்பர் நிலம் வாங்கக்கூடாது என்றது அது. (இதே நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு ஜூலுக்கள் வர மறுத்ததால்தான் 1860 நவம்பரில் மதராசிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. அந்தக் கதை வேறொரு தொடருக்கு.)

ஆண்கள் தனியாகக் கிளம்பினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதியில்லை. நேட்டாலின் வடக்கே டண்டீ, நியூகாசில், வ்ரைஹெய்ட் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்கு, டர்பன் துறைமுகத்துக்கு, ஜோகன்னஸ்பர்க்கின் தங்கத்துக்கு. தங்குவதற்குக் 'காம்பவுண்டு' அல்லது ஹாஸ்டல். மலையகத் தோட்டத்து லயத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; ஒரு வித்தியாசம், லயத்தில் குடும்பம் இருந்தது. இங்கே நீண்ட கூடத்தில் அடுக்குப் படுக்கைகள், வாசலில் காவல், சட்டைப்பையில் எந்நேரமும் 'பாஸ்' என்ற அனுமதிச் சீட்டு.

இப்படி ஒரு கூடத்தில் அடைபட்டவர்கள் முதலில் தேடியது ஊர்க்காரனை. 'நீ எந்த ஆற்றுக்கரை, எந்தத் தலைவனின் ஆள்?' ஒரே ஊர்க்காரர்கள் படுக்கையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள், சேர்ந்து சமைத்தார்கள், ஒருவன் செத்தால் காசு திரட்டிச் சடலத்தை ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் கூட்டமே சாயங்காலம் பாடும் குழுவாகவும் ஆனது. அதனால்தான் குழுக்களின் பெயரில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும்: டண்டீ வாண்டரிங் சிங்கர்ஸ், ஹார்டிங் மார்னிங் ஸ்டார்ஸ், லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ. திருவாவடுதுறை இல்லாமல் ராஜரத்தினம் பிள்ளையைச் சொல்ல நமக்கு வருமா? அந்த மாதிரி.

குரல்களை அவர்கள் பிரித்துக்கொண்ட விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. தேவாலயத்துக் கொயரில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் நாலுக்கும் ஏறக்குறைய சமமாக ஆள் இருக்கும். அந்தப் பெயர்களை ஜூலு நாக்குக்கு ஏற்ப வளைத்து எடுத்துக்கொண்ட இவர்கள், கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மேலே ஒருவர், அவர்தான் தலைவர், இசையமைப்பாளர், முன்பாட்டுக்காரர், எல்லாம். அவருக்கு அடுத்து ஆல்ட்டோவுக்கு ஓர் ஆள், டெனருக்கு ஓர் ஆள். மிச்சம் அத்தனை பேரும் அடித்தொண்டைக் குரல், பேஸ். பத்துப் பேர் குழுவென்றால் ஏழு பேர் கீழே. இசை இலக்கணப்படி இது பெரும் பளுக்கோளாறு. கேட்டால் அப்படித் தெரியாது. ஒரு மனிதன் தனியாகப் பேசுகிறான், ஊர் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து 'ஆமாம்' போடுகிறது, அப்படி இருக்கும். தம்புரா இல்லை என்ற குறை அங்கே எழுவதே இல்லை, அந்த ஏழு பேரே சுருதிப்பெட்டி.

சனிக்கிழமைக்கு வருவோம். ஹாஸ்டலின் சாப்பாட்டுக் கூடமோ, டர்பனில் பீட்ரிஸ் தெருவின் ஒய்.எம்.சி.ஏ. கூடமோ போட்டிக்கு இடம். ராத்திரி எட்டு ஒன்பதுக்குக் கூட்டம் சேரும். முதலில் ஜெபம். அதன்பிறகு நள்ளிரவுவரை ஒத்திகை மாதிரி ஒரு பகுதி: குழுக்கள் வந்து பாடும், பிடித்தவர்கள் மேசையில் சில்லறை வைத்து 'இன்னொரு தடவை' என்பார்கள், பிடிக்காதவர்கள் காசு வைத்து 'போதும்' என்பார்களாம். வசூல் நடத்துகிறவர்களுக்கு. நடுவர் வந்த பிறகுதான் நிஜப் போட்டி.

அந்த நடுவர் யார் என்பதில் இருக்கிறது வேடிக்கை. ஊர்க் குழுக்கள் மோதும் இடத்தில் ஊர்க்காரன் தீர்ப்புச் சொன்னால் அடிதடிதான். ஜூலு பேசும் எவனுக்கும் ஏதாவது ஓர் ஊர் இருக்கும். ஆகவே ராத்திரி தெருவில் போய் ஒரு வெள்ளைக்காரரைப் பிடித்து வருவார்கள். காவல்காரரோ, குடித்துவிட்டு வீடு திரும்புகிறவரோ, வீடே இல்லாதவரோ. சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மொழி தெரியாமல் இருப்பதுதான் முக்கியத் தகுதி. கூடத்தில் அவருக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, தாளும் பென்சிலும், கொஞ்சம் கூலி. விடியும்வரை இருபது முப்பது குழுக்கள் அவர் முன்னால் நின்று, அவருக்கு ஒரு சொல்லும் புரியாத பாட்டை உயிரைக் கொடுத்துப் பாடும். பகலில் அவர்களை நடைபாதையில் ஒதுங்கி நடக்கச் சொல்லும் சட்டத்தின் பக்கம் இருப்பவர் அவர். அவரை நாற்காலியில் உட்கார வைத்தது அடிமைப்புத்தி என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சாமர்த்தியமாகவே படுகிறது: நாட்டில் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்கிறவன் எப்படியும் வெள்ளைக்காரன், இதற்கு மட்டும் நாமே ஆளைத் தேர்ந்தெடுத்துக் கூலி கொடுப்போம் என்பதில் ஒரு குறும்பு இல்லையா?

உடை அதி முக்கியம். குழு முழுக்க ஒரே நிறக் கோட்டு, மடிப்புக் கலையாத கால்சட்டை, வெள்ளைக் கையுறை, கண்ணாடி போல மின்னும் ஷூ. வாரம் முழுக்க கரித்தூசியிலும் எண்ணெயிலும் கிடந்த உடம்புகள் இவை. பாட்டுக்கு நடுவே தனிநபர் உடைப் போட்டி ஒன்றும் உண்டு, 'ஸ்வெங்கா' என்பார்கள். ஆள் மெதுவாக நடந்து வருவார். நடுவர் எதிரே நின்று கோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி உள்துணி தெரியக் காட்டுவார். கால்சட்டையை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிக் காலுறையின் நிறம் டையோடு ஒத்துப்போவதைக் காட்டுவார். கைக்கடிகாரம் வெளிச்சத்தில் படும்படி மணிக்கட்டைத் திருப்புவார். ஒரு வார்த்தை பேசமாட்டார், சிரிக்கமாட்டார். பிறகு அதே நடையில் திரும்பிப் போய்விடுவார். கூடம் அதிரும்.

ஜெயித்த குழுவுக்கு நுழைவுப் பணத்தில் ஒரு பங்கு, அல்லது ஓர் ஆடு. ஆட்டை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனால் ஞாயிற்றுக்கிழமை சமையல் ஆயிற்று.

இந்தக் கூடங்களிலிருந்து உலகம் முழுக்கப் போன முதல் குரல் சாலமன் லிண்டாவுடையது. 1909இல் நேட்டாலின் ம்சிங்கா பகுதியில் பிறந்தவர். மாடு மேய்த்தார், மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தார், கல்யாண வீடுகளில் பாடினார். 1931இல் ஜோகன்னஸ்பர்க் வந்து மாமன்மார் நடத்திய 'ஈவினிங் பேர்ட்ஸ்' குழுவில் சேர்ந்தார். அது கலைந்ததும் அதே பெயரில் தன் ஊர்ப்பக்கத்து ஆட்களை வைத்துப் புதிதாக ஒன்று தொடங்கினார். ஆறு பேர். லிண்டாவின் குரல் உச்சியில், பெண்குரல் போல; ஆல்ட்டோ ஒருவர், டெனர் ஒருவர், கீழே மூன்று பேஸ். கோடு போட்ட சூட்டும் தொப்பியும் அணிந்து வரும் அவர்களைப் பார்த்துத்தான் மற்ற குழுக்கள் தையல்காரரிடம் ஓடின.

1930களின் கடைசியில் லிண்டா காலோ ரிக்கார்டு கம்பெனியில் இசைத்தட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் இருந்தார். அந்தப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தது அந்தக் கம்பெனி ஒன்றுதான். பாடகர்களைக் கண்டுபிடித்துத் தரும் கிரிஃபித்ஸ் மோட்சியெலோவா காதில் இவர் பாட்டு விழுந்தது. 1939இல் ஒருநாள் ஆறு பேரும் மைக்கின் முன்னால் நின்றார்கள். பாட்டின் பெயர் 'ம்பூபே', சிங்கம். மாடு மேய்க்கும் காலத்தில் சிங்கத்தை விரட்டிய நினைவு என்று சொல்வார்கள். வரிகள் ஒன்றிரண்டுதான், கீழே பேஸ் சுற்றிச் சுற்றி வர, மேலே லிண்டா இஷ்டத்துக்கு உலவுவார்.

முதல் தடவை சரியாக வரவில்லை, இரண்டாவதும் வரவில்லை. மோட்சியெலோவா வெளியே எட்டிப் பார்த்து, தாழ்வாரத்தில் நின்ற பியானோ, கிடார், பாஞ்சோக்காரர்களை உள்ளே இழுத்துவந்து வாசிக்கச் சொன்னார். மூன்றாவது பதிவு அமைந்துவிட்டது. ஆக, வாத்தியமில்லாப் பாட்டுகளின் தலைப்பிள்ளை என்று இந்தத் தொடரில் நான் கொண்டாட வந்த இசைத்தட்டில் மூன்று பக்கவாத்தியம் இருக்கிறது. ஒளித்துவைக்க விரும்பவில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள், பின்னால் யாரோ பக்கத்து அறையில் வாசிப்பது போல் அவை முனகிக்கொண்டிருக்கும். அந்த மூன்றாவது பதிவு முடியும் தறுவாயில், யாரும் எதிர்பாராமல், லிண்டா தொண்டையிலிருந்து புதிதாக ஒரு சின்ன ராகத்துணுக்கு நழுவி விழுந்தது. சில விநாடிதான். பிற்பாடு உலகமெல்லாம் பாடிய மெட்டு அந்தத் துணுக்கு. நம்மூர் ஆங்கிலப் பள்ளி ஆண்டு விழாவில் சிங்க முகமூடி போட்ட குழந்தைகள் ஆடுகிறார்களே, அதுவேதான்.

அடுத்த பத்தாண்டில் தட்டு 1,00,000 வரை விற்றது. பாட்டு இத்தனை புகழ்பெற்றதில், இந்த வகைப் பாட்டுக்கே கொஞ்ச காலம் 'ம்பூபே' என்று பெயரானது. லிண்டா பாட்டின் உரிமையை 10 ஷில்லிங்குக்குக் கொடுத்திருந்தார். தட்டு அமெரிக்கா போய், நாட்டுப்பாடல் சேகரிப்பவரான ஆலன் லோமாக்ஸ் வழியாகப் பாடகர் பீட் சீகரிடம் வந்தது. 'நீ சிங்கம்' என்று பொருள்படும் ஜூலு சொல் அவர் காதில் 'விமோவே' என்று விழ, அதுவே தலைப்பாகி 1952இல் அவருடைய 'தி வீவர்ஸ்' குழு பாடி வெளிவந்தது. 1961இல் 'தி டோக்கன்ஸ்' ஆங்கில வரி போட்டுப் பாடியது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. மறு வருஷம், 1962 அக்டோபரில், சிறுநீரகம் கெட்டு லிண்டா ஏழையாகச் செத்தார். கல்லறைக்குக் கல் வைக்கப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. ரியான் மாலன் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் 2000இல் இதை எழுதிய பிறகுதான் விவகாரம் வெளியே வந்தது. 'லயன் கிங்' படத்தில் பாட்டைப் பயன்படுத்திய டிஸ்னி மீது லிண்டாவின் மகள்கள் சார்பில் 2004இல் வழக்கு, 2006இல் சமரசம். அவர்களுக்குக் கைகொடுத்தது 1911ஆம் வருஷத்து பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பதிப்புரிமைச் சட்டம்: படைத்தவர் இறந்து 25 வருஷம் கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற ஒரு மறந்துபோன விதி. நிலத்தைப் பிடுங்கிய அதே சாம்ராஜ்யத்தின் காகிதம்!

லிண்டாவுக்குப் பிறகு பாட்டு உரத்துப்போனது. 1940களில் ஹாஸ்டல் குழுக்கள் உச்சஸ்தாயியில் எல்லோரும் சேர்ந்து ஒரே வீச்சாகக் கத்தும் பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். யுத்தகாலம். சினிமாக் கொட்டகைச் செய்திப்படத்தில் விமானம் குண்டு போடுவதைப் பார்த்திருந்ததால் 'பாம்பிங்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அதைக் கேட்கத் தனிக் காது வேண்டும். எனக்கு இல்லை.

அந்த இரைச்சலுக்கு எதிராகத்தான் பூனை நடை, அதாவது இசிகாத்தமியா, வந்தது. பாட்டும் தணிந்தது, காலும் தணிந்தது. ஊரில் ஜூலு ஆட்டம் என்றால் காலைத் தலைக்குமேல் தூக்கித் தரை அதிர மிதிப்பது. இங்கே கால் அதே மாதிரி உயர எழும்பும், இறங்கும்போது மட்டும் நுனிவிரலில் பஞ்சு போல வந்து உட்காரும். ஏன்? ஹாஸ்டல் காவலாளி எழுந்துவிடக் கூடாதென்று என்பார்கள். ஊரில் மண்தரை, இங்கே பலகைத் தரை, மிதித்தால் கீழ்த்தளத்துக்காரன் சண்டைக்கு வருவான் என்றும் சொல்வார்கள். காவலாளி கதை மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். பலகைக் கதையைத்தான் நான் நம்புகிறேன். 1960களில் ஜூலு வானொலியில் அலெக்சியஸ் புத்தலேசி நடத்திய இசை நிகழ்ச்சியின் பெயரே 'கொத்தோசா ம்ஃபானா', 'மெல்ல நட தம்பி'. ஹாஸ்டல் கூடத்துக்குள் வர முடியாத ஊர்ப் பெண்கள், புருஷன்மார் நகரத்தில் எப்படிப் பாடுகிறார்கள் என்று கேட்டது அதில்தான்.

அதே சமயம் டர்பனில் ஓர் ஆலைத் தொழிலாளி தன் குழுவோடு முட்டிக்கொண்டிருந்தார். ஜோசப் ஷபலாலா. லேடிஸ்மித் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பண்ணையில் வேலைசெய்த குடும்பம். அப்பா போனதும் படிப்பை விட்டு மாட்டின் பின்னால் போனவர். 1960இல் சொந்தக் குழு அமைத்தார். உழவில் பலமான மாடு கறுப்பு மாடு, அதனால் பெயரில் 'பிளாக்'. போட்டியாளர்களை வெட்டிச் சாய்க்கக் கோடரி, ஜூலுவில் 'மம்பாசோ'. 1964இல் தொடர்ந்து ஆறு மாதம் ஒரே கனவு வந்தது என்பார்: வானத்துக்கும் பூமிக்கும் நடுவே குழந்தைகள் நின்று, தனக்குத் தெரியாத மொழியில், தான் கேட்டேயிராத ஒத்திசைவில் பாடுகிறார்கள். விழித்ததும் குழுவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். அவர்கள் தொண்டைக்கு வரவில்லை, சிலருக்குப் பொறுமையும் இல்லை.

ஷபலாலா ஊருக்குப் போனார். தம்பிகளையும் சித்தப்பா, அத்தை வழிப் பையன்களையும் ஒவ்வொருவராக அழைத்து வந்தார். குரல் கணக்கு லிண்டா காலத்ததுதான், இன்னும் கொஞ்சம் கனமாக: மேலே ஒருவர், ஆல்ட்டோ ஒருவர், டெனர் ஒருவர், பேஸ் ஏழு பேர். அந்த ஏழு பேரும் ஒரே மூச்சில் தொடங்கி ஒரே மூச்சில் நிறுத்தும்வரை விடவில்லை.

பிறகு சனிக்கிழமைகளில் ஒரு சிக்கல் வந்தது. இவர்கள் வந்தால் மற்றவர்களுக்கு ஆடு கிடைப்பதில்லை. நடத்துகிறவர்கள் கூடிப்பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மம்பாசோக்காரர்கள் தாராளமாக வரலாம், பாடலாம், போட்டியில் மட்டும் சேரக்கூடாது.

(தொடரும்)